கிணற்றை மட்டும் பார்க்காதீர்கள்: வன்னியில் நீரிழிவும் சிறுநீரகமும்

வன்னியில் ஒருவருக்குக் கிட்னி பழுதாகிவிட்டது என்று கேள்விப்பட்டால், "எந்தக் கிணத்துத் தண்ணி குடிச்சவர்?" என்றுதான் முதலில் கேட்போம். அப்படிக் கேட்பதில் நியாயம் உண்டு. அனுராதபுர மாவட்டத்தின் மதவாச்சி, பதவியா பக்கத்தில் 1990களிலிருந்து பேசப்பட்டுவரும், காரணம் பிடிபடாத சிறுநீரக நோய் எல்லை கடந்து வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களிலும் இருக்கிறது. அதனால் ஊருக்கு ஊர் வடிகட்டிய தண்ணீர் வாங்கிக் குடிக்கிறோம். நல்லதுதான். ஆனால் நீரிழிவு உள்ளவரின் சிறுநீரகத்தைப் பெரும்பாலும் கெடுப்பது கிணறு அல்ல. வருடக்கணக்கில் கட்டுக்குள் வராத சீனியும் பிரஷருமே கெடுக்கின்றன. சுகாதார அமைச்சின் வரையறையிலேயே, நீரிழிவு உள்ளவர்கள் "காரணம் தெரியாத" நோயாளர் கணக்கில் சேர்க்கப்படுவதில்லை. "நான் போத்தல் தண்ணிதான் குடிக்கிறன், எனக்கு ஒண்டும் வராது" என்று சீனி வருத்தக்காரர் ஒருவர் நிம்மதியாக இருப்பதுதான் நான் காணும் தவறுகளில் மிகவும் கவலை தருவது.

அறிகுறி தெரியட்டும், பிறகு பார்ப்போம் என்று காத்திருப்பவர்களும் பலர். கால் வீக்கம், நுரைத்த சலம், சாப்பாட்டில் வெறுப்பு, மூச்சு வாங்குதல் எல்லாம் பிந்தி வருபவை. அவை தெரியும்போது சிறுநீரகத்தின் வேலைத்திறனில் பெரும்பங்கு போயிருக்கலாம். ஆரம்பக் கட்டத்தில் உடம்பு எதுவும் சொல்லாது, சோதனைதான் சொல்லும். டைப் 2 நீரிழிவு என்றால், நோய் கண்டுபிடித்த அன்றே முதல் சோதனை, அதன்பின் வருடம் ஒரு தடவையாவது. டைப் 1 என்றால் நோய் தொடங்கி 5 வருடத்திலிருந்து. "எனக்கு இப்பதானே சீனி வந்தது" என்ற கணக்கு சரிவராது. டைப் 2 கண்டுபிடிக்கப்படும் முன்பே பல வருடம் உடம்பில் இருந்திருக்கும். 2009இல் கிளினிக் கொப்பி உட்பட எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்களுக்குப் புதுக் கொப்பியில் உள்ள முதல் திகதி நோய் தொடங்கிய திகதியே அல்ல.

எந்தச் சோதனை என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சலச் சோதனை என்றதும் யு.எவ்.ஆர் எனப்படும் சாதாரண சல அறிக்கையை எடுத்து, "அல்புமின் இல்லை" என்று வந்தால் திருப்தியாகிவிடுகிறார்கள். அல்புமின் என்பது இரத்தத்தில் உள்ள ஒரு புரதம், சிறுநீரகம் கெடும்போது சலத்தில் கசியும். அந்தச் சோதனைப் பட்டி அல்புமின் ஓரளவு கூடிய பின்னரே நிறம் மாறும். ஆரம்பக் கசிவைப் பிடிப்பதற்குச் சலத்தில் அல்புமினுக்கும் கிரியற்றினினுக்கும் உள்ள விகிதத்தைப் பார்க்க வேண்டும். ஏ.சி.ஆர் என்று கேளுங்கள். ஒரு கிராம் கிரியற்றினினுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் சரி. 30க்கும் 300க்கும் இடையில் என்றால் கசிவு தொடங்கியிருக்கிறது. 300க்கு மேல் என்றால் கடுமையான கசிவு. காலையில் எழுந்ததும் போகும் முதல் சலமே இதற்கு மிகப் பொருத்தம்.

இரத்தத்தில் கிரியற்றினின் "நோர்மல்" என்ற ஒற்றைச் சொல்லையும் நம்பி இருந்துவிடாதீர்கள். கிரியற்றினின் தசையிலிருந்து வரும் கழிவு, அதைச் சிறுநீரகம்தான் வெளியேற்றும். 25 வயது ஆணுக்கு 1.1 என்று வந்தால் சிறுநீரகம் வடிக்கும் அளவு நிமிடத்துக்கு ஏறக்குறைய 95 மில்லிலீற்றர். அதே 1.1 ஒரு 65 வயது அம்மாவுக்கு வந்தால் அது 56 அளவில்தான் நிற்கும். அறிக்கைத் தாளில் இருவருக்கும் ஒரே எண், ஆனால் நிலைமை வேறு. வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்துக் கணிக்கும் இந்த எண்தான் ஈ.ஜி.எவ்.ஆர். 3 மாதத்துக்கு மேலாக அது 60க்குக் கீழே நின்றால் நாட்பட்ட சிறுநீரக நோய் என்று கொள்வார்கள். அறிக்கையில் அது இல்லையென்றால் வைத்தியரிடம் கணித்துத் தரச் சொல்லுங்கள்.

வன்னியில் இரண்டு சோதனையும் வேண்டும் என்று வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. நீரிழிவு கெடுக்கும் சிறுநீரகத்தில் பெரும்பாலும் முதலில் அல்புமின் கசியும். காரணம் தெரியாத நோயில் கசிவு மிகக் குறைவு, வடிக்கும் திறன்தான் மெல்ல மெல்ல இறங்கும். இரண்டும் உலவும் மண்ணில் ஒன்றை மட்டும் பார்த்தால் மற்றது தப்பிவிடும்.

ஏ.சி.ஆர் ஒருமுறை கூடி வந்ததும் இடிந்துபோவதும் வேண்டாம். சலக்கிருமி, காய்ச்சல், முதல் நாள் கடும் உடலுழைப்பு, மாதவிடாய், மிதமிஞ்சிய சீனி எல்லாம் அதைக் கூட்டிக் காட்டும். 3 முதல் 6 மாதத்துக்குள் எடுத்த மூன்றில் இரண்டு கூடுதலாக இருந்தால்தான் உறுதி.

இனிக் குளிசைகள். "கனக்கக் குளிசை போட்டால் கிட்னி பழுதாப்போகும்" என்ற பேச்சு எங்கள் ஊர்களில் செய்திருக்கும் கெடுதி கொஞ்சநஞ்சமல்ல. சீனிக்குக் கொடுக்கும் மெட்போமின் சிறுநீரகத்தைப் பழுதாக்குவதில்லை. சிறுநீரகம் பலவீனமானால் மெட்போமினின் அளவைக் குறைக்க வேண்டும், அவ்வளவுதான்: ஈ.ஜி.எவ்.ஆர் 45க்குக் கீழே போனால் குறைப்பார்கள், 30க்குக் கீழே போனால் நிறுத்துவார்கள். லொசார்ட்டன், எனலாப்ரில் போன்ற பிரஷர் குளிசைகளைப் பிரஷர் குறைந்துவிட்டது என்று தாங்களாக நிறுத்துகிறவர்களைப் பார்த்தால் மனம் பதைக்கிறது. அல்புமின் கசிபவருக்கு அவை பிரஷருக்கு மட்டும் கொடுக்கப்படுவதில்லை. சிறுநீரக வடிகட்டிக்குள் உள்ள அழுத்தத்தையும் அவை குறைத்துக் கசிவைத் தணிக்கின்றன. தொடங்கிய சில வாரத்தில் கிரியற்றினின் கொஞ்சம் ஏறலாம். 30 வீதத்துக்குள் என்றால் பொதுவாகத் தொடரச் சொல்வார்கள். அதற்காகத்தான் அந்த நேரத்தில் கிரியற்றினினையும் பொட்டாசியத்தையும் திரும்பப் பார்க்கிறார்கள். கர்ப்பம் தரித்தால், அல்லது தரிக்க எண்ணினால், உடனே வைத்தியரிடம் சொல்ல வேண்டும். இவை வயிற்றுப் பிள்ளைக்குக் கூடாதவை. எம்பாகிளிபுளோசின், டபாகிளிபுளோசின் ஆகிய சீனிக் குளிசைகள் சிறுநீரக இறக்கத்தைத் தாமதப்படுத்துகின்றன என்பது 2019க்குப் பின் பெரிய ஆய்வுகளில் உறுதியாகியிருக்கிறது. உங்களுக்குப் பொருந்துமா என்று கிளினிக்கில் கேளுங்கள்.

"இப்ப சீனி தானாக் குறையுது, ஊசியும் குறைச்சாச்சு" என்று ஒருவர் சந்தோசமாகச் சொன்னால் எனக்குச் சந்தோசம் வருவதில்லை. இன்சுலினை உடம்பிலிருந்து அகற்றுவதில் சிறுநீரகத்துக்கும் பங்குண்டு. அது தளரும்போது இன்சுலினும் கிளிபென்கிளமைட் போன்ற குளிசைகளும் உடம்பில் தங்கிச் சீனியைத் தாழ்த்துகின்றன. நோய் மாறவில்லை, சிறுநீரகம் மோசமாகியிருக்கலாம். உடனே இரத்தம் சோதிக்க வேண்டிய நேரம் அது.

வயல் வேலை முடிந்து வந்து இடுப்பு நோவுக்குப் பாமசியில் டைக்குளோபினாக் வாங்கிப் போடுவது எங்களிடம் சாதாரணம். வெயிலில் வியர்த்து உடம்பு காய்ந்திருக்கும்போது, லொசார்ட்டனும் சலம் போகும் குளிசையும் எடுப்பவர் அதையும் போட்டால், சிறுநீரகத்துக்கு இரத்தோட்டம் சட்டென்று குறையும். நோவுக்குச் சரியான அளவில் பனடோல் போதும். காலபோக வேலை நேரத்தில் காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் வந்தால் எலிக்காய்ச்சலை நினையுங்கள். அதுவும் சிறுநீரகத்தைத் தாக்கும், ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப்போடக் கூடாது. முன்பு புடையன் பாம்பு கடித்திருந்தால் அதையும் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். வாந்தி, வயிற்றோட்டம் வந்தால் எந்தக் குளிசையை எத்தனை நாள் நிறுத்துவது என்று முன்கூட்டியே கேட்டு வைத்திருங்கள். இன்சுலினை மட்டும் நீங்களாக நிறுத்தக் கூடாது.

சீனிக்கு மருந்தென்று பிலிம்பிக்காய்ச் சாறு, காமரங்காய்ச் சாறு குடிப்பதை விட்டுவிடுங்கள். அவற்றில் உள்ள ஒட்சலேற்று சிறுநீரகத்தில் படிந்து நல்ல சிறுநீரகத்தையே முடக்கும். இலங்கையிலேயே இப்படிப் பாதிக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள்.

சாப்பாட்டில் சீனியை மட்டும் எண்ணி, உப்பை மறப்பதும் பெரிய தவறு. தேத்தண்ணியைச் சீனியில்லாமல் குடித்துவிட்டு, சோற்றோடு கருவாடும் ஊறுகாயும் மோர்மிளகாயும் சாப்பிட்டால் பிரஷர் எப்படி இறங்கும்? நாளுக்கு 5 கிராம் உப்பு, அதாவது ஒரு தேக்கரண்டி, எல்லாம் சேர்த்து. மீன், முட்டை, பருப்பை முற்றாக விட்டு உடம்பை உருக்கவும் வேண்டாம், வெளிநாட்டிலிருந்து வரும் புரதமாவைக் கரைத்துக் குடிக்கவும் வேண்டாம்.

கிளினிக்குக்கு முன் இரண்டு நாள் மட்டும் வாயைக் கட்டுவது பயனற்றது, எச்.பி.ஏ.1.சி என்ற இரத்தச் சோதனை மூன்று மாதச் சீனியின் கதையைச் சொல்லிவிடும். துணுக்காயிலிருந்தோ நெடுங்கேணியிலிருந்தோ விடியற்காலை பஸ் ஏறும் அவசரத்தில் பிரஷர் குளிசையை விட்டுவிட்டு வருவதும் பிழை. வெறும் வயிற்றுச் சோதனை என்றாலும் அதைத் தண்ணீருடன் எடுக்கலாமா என்று முதலே கேளுங்கள். எடுக்காமல் வந்தால் அங்கே பார்க்கும் பிரஷர் உங்கள் உண்மையான பிரஷர் அல்ல, அதை வைத்துத்தான் மருந்தைக் கூட்டுவார்கள். அல்புமின் கசிபவருக்கு இலக்கு பெரும்பாலும் 130/80க்குக் கீழே.

ஈ.ஜி.எவ்.ஆர் 30க்குக் கீழே இறங்கினால் சிறுநீரக நிபுணரிடம் அனுப்புவார்கள். "டயலிசிஸ் எண்டு சொல்லிப்போடுவினம்" என்று பயந்து அந்தத் துண்டைப் பெட்டிக்குள் வைத்துவிடாதீர்கள். அந்தக் கட்டத்திலும் இறக்கத்தைத் தாமதப்படுத்த மருந்து உண்டு, இரத்தச்சோகைக்குச் சிகிச்சை உண்டு, மாற்றுச் சிறுநீரகம் பற்றிப் பேச அவகாசமும் உண்டு. டயலிசிஸ் தேவைப்படலாம் என்று தெரிந்தவர்கள் அதிகம் பயன்படுத்தாத கையில் இரத்தம் எடுக்கவோ சேலைன் ஏற்றவோ விடாமல் மற்றக் கையைக் கொடுங்கள். பின்னாளில் இரத்தக் குழாயை இணைத்துச் செய்யும் சத்திரசிகிச்சைக்கு அந்த நாளங்கள்தான் வேண்டும்.