வாத்துக் கொட்டகையில் சேறு சேராமலிருக்க

வாத்து வளர்க்கக் குளம் வேண்டியதில்லை. கண்ணும் மூக்கும் முங்கும்படி அரை அடி ஆழத் தண்ணீர் போதும். ஆழம் குறைந்தால் மூக்கில் தீவனம் அடைத்துக் கண் வீங்கும். போர்த் தண்ணீரை எண்ணிச் செலவழிக்கும் தர்மபுரிப் பக்கத்தில் இது பெரிய ஆறுதல்.

தண்ணீர்த் தொட்டியைக் கொட்டகைக்குள் வைக்கவே கூடாது. வெளியே, சரிவான பக்கம், ஒரு அடிக் குழியில் ஜல்லி நிரப்பி, மேலே கம்பிவலைச் சட்டம் போட்டு அதன்மேல் வையுங்கள். சிந்துவதெல்லாம் ஜல்லிக்குள் இறங்கிவிடும். தினமும் கொட்டும் அழுக்குத் தண்ணீரை வாய்க்கால் வெட்டி மாமரத்துக்கு விடலாம்.

உள்ளே ஒரு வாத்துக்கு 4 சதுர அடி இடம், தரையில் அரை அடி உமி. நனைந்ததை அன்றே அள்ளுங்கள். உமிக்குப் பதில் நிலக்கடலைத் தோல் போடுவது மலிவுதான், ஆனால் பூஞ்சை பிடித்தது வேண்டவே வேண்டாம்: அந்த நஞ்சு கோழியைவிட வாத்தைச் சீக்கிரம் கொல்லும். இரவில் தண்ணீர் இல்லையென்றால் தீவனமும் இருக்கக் கூடாது. வறண்ட தீவனம் தொண்டையை அடைத்துவிடும்.