தொப்பிக்குக் கீழே இருக்கும் ஆள்: பேஸ்பால் வீரர்களைக் கேலிச்சித்திரமாக வரைவது எப்படி

பேஸ்பால் வீரரை வரைய உட்கார்ந்தால் முதலில் வம்பு பண்ணுவது தொப்பிதான். முடியும் நெற்றியும் மறைந்துவிடும். விளிம்பின் நிழலில் கண்ணும் பாதி போய்விடும். மிஞ்சுவது மூக்கு, வாய், தாடை, காது. அதனால் நான் முகத்தில் ஆரம்பிப்பதே இல்லை. ஆள் நிற்கிற விதத்தில் ஆரம்பிக்கிறேன்.

ஒருவருக்குப் பத்துப் பன்னிரண்டு படமாவது சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே படத்தைப் பார்த்து வரைந்தால் கேமரா கோணம்தான் தாளில் வரும், ஆள் வரமாட்டார். பிறகு தீப்பெட்டி அளவில் வெறும் நிழலுருக்கள், ஒன்றுக்கு ஒரு நிமிஷம். கண், மூக்கு எதுவும் வேண்டாம். கறுப்பு மார்க்கரால் நிரப்பி, நாலடி தள்ளி நின்று பாருங்கள். பந்துவீச்சாளர் ஹுவான் மாரிஷாலுக்கு வானத்தைப் பார்க்கும் இடது கால் போதும். இன்னொரு பந்துவீச்சாளர் ஹிடியோ நோமோ என்றால் பேட்டருக்கு முதுகைக் காட்டும் முறுக்கு. பேட்டர் இச்சிரோ என்றால் ஒற்றைக் கையில் நிமிர்த்திப் பிடித்த பேட், சட்டைக் கையை இழுத்துவிடும் மற்றக் கை. இந்தக் கறுப்புத் திட்டிலேயே ஆள் பிடிபடவில்லையென்றால் முகத்தோடு மல்லுக்கட்டிப் பிரயோஜனமில்லை.

பெரிதாக்குவதை அந்தக் கால நட்சத்திர வீரர் பேப் ரூத்தை வைத்துப் பழகலாம். எல்லோரும் தொந்தியில் கை வைப்பார்கள். சிரிப்பு அங்கே இல்லை. அதைத் தாங்கும் மெலிந்த கால்களில் இருக்கிறது. உடம்பு ஒரு பீப்பாய், கீழே இரண்டு குச்சி, குட்டிப் பாதங்கள், அதுவும் கொஞ்சம் உள்நோக்கித் திரும்பியவை. மூக்கை நீட்டாதீர்கள், அகலமாக்குங்கள். ஆறு தாள் கசக்கிப் போட்ட பிறகுதான் எனக்கு இது புரிந்தது: மூக்கு விரிய விரிய, கண்ணைச் சிறிதாக்கி அதற்குப் பக்கத்தில் கொண்டுவர வேண்டும். ஒன்று வளர்ந்தால் பக்கத்தில் ஒன்று சுருங்கியாக வேண்டும்.

எந்த வருஷத்து ரூத் என்பதையும் முடிவு செய்துகொள்ளுங்கள். 1915-இல் பாஸ்டன் ரெட் சாக்ஸுக்குப் பந்து வீசியவர் ஒல்லிப் பையன். அவருக்குத் தொந்தி போட்டால் அபத்தம். 60 ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) அடித்த 1927 ரூத்தின் முதுகில் அவருடைய எண்ணான 3 என்று எழுதிவிடாதீர்கள். அப்போது அவர் ஆடிய நியூயார்க் யாங்கீஸ் அணியின் சட்டைக்கு எண் வந்ததே 1929-இல்தான்.

உயரத்துக்கு ஒரு வழி. 6 அடி 10 அங்குலப் பந்துவீச்சாளர் ராண்டி ஜான்சனை நீட்டினால் போதாது, கையில் இருக்கும் பந்தைக் கோலிக்குண்டாக்குங்கள். 5 அடி 6 அங்குல பேட்டர் ஹோசே அல்டுவேயைக் குறுக்க வேண்டாம். பேட்டைப் பெரிதாக்கினால் அவரே குட்டியாகிவிடுவார்.

பந்துவீச்சாளர் ராலி ஃபிங்கர்ஸின் மீசை ஒரு பொறி. 1972-இல் அவர் ஆடிய ஓக்லாந்து அணியின் முதலாளி மீசை வைத்தவர்களுக்கு 300 டாலர் கொடுத்தார். அப்போது முளைத்தது அது. வரைந்தபின் மீசையை விரலால் மூடிப் பாருங்கள். அப்போதும் ஃபிங்கர்ஸ் தெரிந்தால் சரி. தெரியாவிட்டால் நீங்கள் வரைந்தது மீசையை மட்டும்தான்.

இன்னொன்று, இது விளையாட்டில்லை. பழைய அமெரிக்கப் பத்திரிகைகளில் கறுப்பின மக்களுக்கெல்லாம் ஒரே உதட்டை ஒட்டிவைத்த கேவலம் உண்டு. கறுப்பினப் பந்துவீச்சாளர் சாட்சல் பேஜை வரைகிறவர் பேஜைப் பார்த்து வரையட்டும். அந்த நீண்ட கைகால்களிலேயே வேண்டிய அளவு விஷயம் இருக்கிறது.

கோணல் தெரிய, டேப்லெட்டில் படத்தை இடவலமாகத் திருப்பிப் பார்ப்பது நல்ல பழக்கம். நான் ஒருமுறை அப்படித் திருப்பிவிட்டு, பழையபடி மாற்ற மறந்து, மேலேயே மையும் போட்டு, தொப்பியில் எழுத்தும் எழுதி அனுப்பிவிட்டேன். இடது கை ஆட்டக்காரரான ரூத் வலது கைக்காரராகிவிட்டார். பார்த்த முதல் ஆளே கண்டுபிடித்தார். இப்போதெல்லாம் முதல் கோடு போடும் முன்பே மூலையில் ‘இடது’ அல்லது ‘வலது’ என்று எழுதிவிடுகிறேன். படம் திரும்பிக் கிடந்தால் அந்த எழுத்தும் திரும்பி நின்று காட்டிக்கொடுத்துவிடும்.