தோட்டாவைத் தட்டிப் பிரிக்கும்போது செய்யக்கூடாதவை

போன சனிக்கிழமை எங்கள் டெக்சஸ் துப்பாக்கிக் கழகத்தில், தோட்டாவை நாமே நிரப்பும் ரீலோடிங் மேசையில், புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் தோட்டாவிலிருந்து கழற்றிய வெடிமருந்தை, பக்கத்தில் திறந்திருந்த டப்பாவில் கொட்டப் போனார். சட்டென்று அவர் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்திவிட்டேன். பதினோரு ஆண்டுகளுக்கு முன் நான் கொட்டியபோது பிடித்து நிறுத்த ஆள் இல்லை. அன்று முதல் யார் கையில் தோட்டாவைப் பிரிக்கும் புல்லட் புல்லரைப் பார்த்தாலும் என் கண் முதலில் மருந்து டப்பாவைத்தான் தேடுகிறது.

கண்ணாடி போடுங்கள், மேசையருகே சிகரெட் வேண்டாம் என்பதெல்லாம் கருவியின் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கிறது. அதைத் திரும்பச் சொல்லப் போவதில்லை.

கருவியைப் பார்க்காதவர்களுக்கு ஒரு விளக்கம். நாம் பேச்சில் புல்லட் என்று முழுத் தோட்டாவையும் சொல்லிவிடுகிறோம். உண்மையில் நுனியில் இருக்கும் குண்டுக்கு மட்டும்தான் அந்தப் பெயர். பித்தளை உறை, அடியில் அடிபட்டதும் தீப்பொறி தரும் ப்ரைமர், உள்ளே மருந்து, வாயில் குண்டு, இந்த நான்கும் சேர்ந்தது தோட்டா. வீட்டில் நிரப்பிய தோட்டாவில் அளவு தவறிவிட்டதென்று சந்தேகம் வந்தால் பிரித்தாக வேண்டும். அதற்குத்தான் சுத்தியல் வடிவிலான இந்த பிளாஸ்டிக் கருவி. தோட்டாவைக் குண்டு உள்நோக்கி இருக்கும்படி வைத்து, அதன் விளிம்பைக் காலெட் என்கிற மூன்று துண்டுப் பிடியில் மாட்டி, மூடியை இறுக்கி, மரக்கட்டையில் ஓங்கித் தட்டுவோம். மண்வெட்டி ஆடினால் காம்பின் அடியைத் தரையில் குத்துவோம் இல்லையா? காம்பு நின்றுவிடும், இரும்பு மட்டும் கீழே இறங்கி இறுகும். இங்கும் அதே கணக்கு. உறை நின்றுவிடும், குண்டு தன் வேகத்திலேயே போய்க் கழன்று விழும், பின்னாலேயே மருந்தும் கொட்டும்.

அடிக்கும் இடம்

சிமென்ட் தரை வேண்டாம், கருவியின் தலை விண்டுவிடும். மெத்தென்ற ரப்பர் விரிப்பும் வேண்டாம், அடியை அது விழுங்கிவிடும். மரத்துண்டை நிமிர்த்தி வைத்து, இழை மேலே தெரியும் வெட்டுமுகத்தில் அடியுங்கள்.

எத்தனை அடி?

குண்டின் எடையைப் பொறுத்தது. .45 ஏ.சி.பி. என்ற கைத்துப்பாக்கித் தோட்டாவின் 230 கிரெயின் (சிறு எடை அலகு) குண்டு ஓரிரு அடியிலேயே வந்துவிடும். .223 ரைபிள் தோட்டாவின் 55 கிரெயின் குண்டு அவ்வளவு எளிதில் வராது. எடை குறைந்தால் இழுக்கும் விசையும் குறைவு. இது தெரியாமல் பலர் வெறி பிடித்தாற்போல் அடிக்கிறார்கள். நாலைந்து அடிக்கு ஒருமுறை நிறுத்தி, மூடி தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இராணுவ உபரித் தோட்டாவில் உறையின் வாயை நெரித்து, உள்ளே தார் போன்ற பசையும் பூசியிருப்பார்கள். அதை முதலில் பிரஸ்ஸில், அதாவது தோட்டா நிரப்பும் நெம்புகோல் கருவியில், வைத்துக் குண்டை ஒரு மயிரிழை உள்ளே தள்ளினால் 'டிக்' என்று பசை விடும். பிறகு தட்டினால் சாதாரணமாக வந்துவிடும்.

கழற்றிய மருந்தை டப்பாவில் கொட்டுவது

இதைத்தான் நீட்டிச் சொல்ல வந்தேன்.

பதினோரு ஆண்டுகளுக்கு முன் அந்த நாள் காலையில் 9 எம்.எம். கைத்துப்பாக்கித் தோட்டாக்கள் அறுபதைப் பிரித்தேன். குண்டின் நுனி நசுங்காமல் இருக்கக் கருவியின் அடியில் ஒரு நுரைக் காதடைப்பானைப் போட்டிருந்தேன். நல்ல உத்தி, இன்றும் செய்கிறேன். மதியம் அதே கருவியில் .308 ரைபிள் தோட்டாக்கள் பத்து. என் கையால் நிரப்பியவை, எந்த மருந்து என்று தெரியும், டப்பாவும் எதிரிலேயே இருந்தது. எட்டு பவுண்டு டப்பா, பெரும்பாலும் நிறைந்தது. வீணாக்குவானேன் என்று பத்துத் தோட்டாவின் மருந்தையும் அதில் கொட்டிக் குலுக்கி மூடினேன்.

மூன்று வாரம் கழித்து, எடை போடும் தட்டில் ஒரு அளவைக் கொட்டியபோது, கறுப்புக் குச்சி குச்சியான ரைபிள் மருந்துக்கு நடுவே தட்டையான சில்லுகள் நாலைந்து கிடந்தன. கைத்துப்பாக்கி மருந்து. காலையில் பிரித்த 9 எம்.எம்.மின் மிச்சம் அந்த நுரையின் மடிப்புகளில் ஒட்டியிருந்து, மதியம் ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சமாக உதிர்ந்திருக்கிறது.

நாலைந்து சில்லு ஒரு தோட்டாவில் ஒன்றும் செய்யாமலும் போகலாம். ஆனால் அடுத்த அளவில் நாலா, நாற்பதா என்று சொல்ல எந்த வழியும் இல்லை. கைத்துப்பாக்கி மருந்து வேகமாக எரிவது, குட்டி உறைக்காகச் செய்தது. .308இன் அழுத்த வரம்பே சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. அந்த வரம்புக்குப் பக்கத்தில் வேலை செய்யும் அறைக்குள், என் கன்னத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில், என்ன கலந்திருக்கிறதென்று தெரியாத மருந்தைக் கொளுத்த நான் தயாராக இல்லை. டப்பா முழுவதையும் கழித்தேன். இடைப்பட்ட மூன்று வாரத்தில் அதிலிருந்து நிரப்பிய நாற்பது தோட்டாக்களையும் அதே சுத்தியலால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பிரித்தேன்.

இன்னும் எரிச்சல் தருவது இதன் கணக்கு. ஒரு பவுண்டில் 7,000 கிரெயின். .308க்கு சுமார் 44 கிரெயின் என்று வைத்தால் பத்துத் தோட்டாவுக்கு 440. ஒரு பவுண்டில் பதினாறில் ஒரு பங்கு, இன்றைய விலையில் மூன்று டாலர் வரும். மூன்று டாலர் மருந்தைக் காப்பாற்றப் போய் ஒரு டப்பாவையே இழந்தேன்.

இத்தனைக்கும் அது நான் நிரப்பிய, பெயர் தெரிந்த மருந்து. கடையில் வாங்கிய தோட்டாவின் மருந்தைக் கொட்டி வைப்பவர்களை நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. 'பார்த்தால் அதே மாதிரிதான் இருக்கிறது' என்கிறார்கள். தோட்டா ஆலைகள் மொத்தமாக வாங்கும் மருந்து நமக்கு டப்பாவில் விற்கும் மருந்து அல்ல. குச்சி, சில்லு, உருண்டை என்று வடிவம் தெரியுமே தவிர எரியும் வேகம் கண்ணுக்குத் தெரியாது. ஒரே வடிவில், ஒரே நிறத்தில், முற்றிலும் வேறு வேகத்தில் எரியும் மருந்துகள் உண்டு. குண்டையும் உறையையும் எடுத்துக்கொள்ளுங்கள், மருந்தை விடுங்கள். பழைய தோட்டாவில் மருந்து புளித்த நெடி அடித்தாலோ, செம்பழுப்புத் தூள் படிந்திருந்தாலோ அது கெட்டுப்போய்விட்டது, வீட்டுக்குள் வைக்கவே வேண்டாம்.

என் மேசையில் இப்போது ஒரு நேரத்தில் ஒரு டப்பாதான் இருக்கும். ஒவ்வொரு வகைத் தோட்டா முடிந்ததும் கருவியைக் கவிழ்த்துத் தட்டி, நுரையை எடுத்து வீசிவிட்டுப் புதிது போடுவேன். கழற்றிய மருந்து 'கழிவு' என்று எழுதிய தனி டப்பாவுக்குப் போகும், அது நானே நிரப்பியதாக இருந்தாலும்.

காலெட்டுக்குப் பதில் ஷெல் ஹோல்டர்

சீக்கிரம் மாட்டலாம் என்று, பிரஸ்ஸில் உறையின் அடியைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டரைச் செருகுகிறார்கள். காலெட் விளிம்பைச் சுற்றிலும் பிடிக்கிறது, ஷெல் ஹோல்டரின் ஒரு பக்கம் திறந்தே கிடக்கிறது. ப்ரைமர் உள்ள தோட்டாவை அப்படிப் பிடித்து ஓங்கி அடிக்க மாட்டேன்.

காலி உறை காலி இல்லை

மருந்து போனதும் உறையைப் பழைய இரும்புப் பெட்டியில் எறிகிறார்கள். அடியில் ப்ரைமர் உயிரோடு இருக்கிறது. ஆணி வைத்து அதைத் தட்டி எடுக்கவே கூடாது. அப்படியே மறுபடி பயன்படுத்துவதுதான் நல்லது. குண்டு கழன்றபின் உறையின் கழுத்து முன்போல் இறுக்கிப் பிடிக்காது, உறையை அளவுக்கு அழுத்தும் டை என்ற அச்சில் ஒருமுறை ஏற்றி இறக்க வேண்டும். அதற்கு முன், ப்ரைமரை வெளியே தள்ளும் ஊசியை டையிலிருந்து கழற்றிவிடுங்கள். போன மாதம்கூட ஒருவர் ஊசியோடு ஏற்றப் போனார்.

நுனியில் நிறம் பூசிய தோட்டா

அமெரிக்க இராணுவ வழக்கில் சிவப்பும் ஆரஞ்சும் ட்ரேசர் (போகும் வழியில் ஒளிரும் குண்டு), நீலம் தீக்குண்டு. தட்டாதீர்கள்.

.22 ரிம்ஃபயர்

இந்தச் சிறு தோட்டாவில் ப்ரைமர் கலவை விளிம்புக்குள்ளேயே இருக்கிறது. காலெட் பிடிப்பதும் அந்த விளிம்பைத்தான். ஒருபோதும் கூடாது.

ஊரில் பழைய தோட்டா கிடைத்தால்

இங்கே அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்கு ரீலோடிங் செய்ய மத்திய அரசின் உரிமம் தேவையில்லை. இந்தியாவில் அப்படியல்ல, ஆயுதச் சட்டம், 1959 தோட்டா வைத்திருப்பதற்கே உரிமம் கேட்கிறது. தாத்தா வீட்டுப் பரணில் தோட்டா கிடக்கிறது, பிரித்துப் பார்க்கலாமா என்று என் அத்தை மகன் ஃபோனில் கேட்டான். தொடாதே, காவல் நிலையத்துக்குச் சொல் என்றேன். சொன்னான், வந்து எடுத்துப் போனார்கள்.