ஸ்டாண்டை மடக்கியும் ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆகவில்லையா?

பிரேக்கைப் பிடித்தபடி செல்ஃப் பட்டனை அழுத்தியும் சத்தமே இல்லை. ஆனால் ஹார்ன் கணீரென்று ஒலிக்கிறது, மீட்டரில் சைடு ஸ்டாண்டு விளக்கும் அணையவில்லை. அப்படியானால் பேட்டரியை விட்டுவிட்டு, ஸ்டாண்டு போல்ட்டை ஒட்டியிருக்கும் சுவிட்சைப் பாருங்கள். ஸ்டாண்டு கீழே இருந்தால் எஞ்சினை ஓடவிடாமல் தடுப்பது அதுதான்.

வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, சைடு ஸ்டாண்டைப் பத்து முறை மடக்கி விரியுங்கள். சேறு அடைத்திருந்தால் இதிலேயே சரியாகிவிடுவதும் உண்டு. ஸ்பிரிங் தளர்ந்து ஸ்டாண்டு முழுதாக மேலேறாமல் சற்றே தொங்கினாலும், அது கீழே இருப்பதாகவே சுவிட்ச் எடுத்துக்கொள்ளும். அப்போது மாற்ற வேண்டியது ஸ்பிரிங்கைத்தான். போல்ட்டைத் துடைத்து எண்ணெய் விடுங்கள். சுவிட்சுக்குள் கிரீஸ் வேண்டாம், மண்ணை இழுத்து வைத்துக்கொள்ளும்.

அடுத்து சாவியை அணைத்துவிட்டு, சுவிட்ச் வயரின் கனெக்டரைக் கழற்றுங்கள். பின்களில் பச்சை பூத்திருந்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்து உலர விடுங்கள். இரண்டு வயர் உள்ள சாதாரண சுவிட்ச் என்றால் மல்டிமீட்டரைக் கன்டினியூட்டியில் (மின் இணைப்பு இருக்கிறதா என்று காட்டும் அமைப்பில்) வைத்து இரண்டு வயரிலும் தொடுங்கள். ஸ்டாண்டை மடக்கி விரிக்கும்போது அளவு மாற வேண்டும். மாறாவிட்டால் சுவிட்ச் போய்விட்டது. மூன்று வயர் உள்ள காந்த சென்சாருக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

பள்ளம் மேட்டில் மட்டும் எஞ்சின் அணைகிறதா? ஸ்டாண்டு அருகே வயர் உள்ளுக்குள் அறுந்திருக்கலாம்.

வயரை முறுக்கி சுவிட்சையே செயலிழக்கச் செய்யும் வேலை வேண்டாம். இறங்கியிருக்கும் ஸ்டாண்டு இடப்பக்கத் திருப்பத்தில் தரையில் மோதினால் வண்டி கவிழும்.