ஆராதனைக்குப் பின் ஐக்கிய விருந்து: ஏற்பாடு செய்வோருக்கு

ஆராதனை முடிந்தபின் சபையார் ஒன்றாக அமர்ந்து உண்பது சபையின் தொடக்க காலத்திலிருந்தே இருந்துவரும் வழக்கம்; புதிய ஏற்பாட்டிலுள்ள யூதாவின் நிருபம் அதனை அன்பின் விருந்து என்றே குறிப்பிடுகிறது. அதில் நேரும் பிழையும் ஏறக்குறைய அதே அளவு பழமையானது. கொரிந்து சபையில் ஒவ்வொருவரும் தத்தம் உணவை முந்திக்கொண்டு உண்டதனால் ஒருவர் பசியோடிருக்க மற்றொருவர் குடிவெறியில் இருந்தார் என்றும், இல்லாதவர்கள் வெட்கத்துக்குள்ளானார்கள் என்றும் 1 கொரிந்தியர் 11ஆம் அதிகாரத்தில் பவுல் கடிந்துகொள்கிறார். ஆகவே விருந்துக் குழுவினர் கூடும்போது எத்தனை வகை உணவு என்பதற்கு முன்பாக, யார் விடுபட்டுப்போவார்கள் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

குழுவை அமைப்பதற்கு அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரமே போதிய வழிகாட்டி. அன்றாடப் பந்தி விசாரிப்பில், அதாவது உணவுப் பங்கீட்டில், கிரேக்க மொழி பேசிய யூத விதவைகள் கவனிக்கப்படவில்லை என்ற முறுமுறுப்பு எழுந்தபோது, அப்போஸ்தலர் அந்தப் பொறுப்பைத் தாங்களே சுமக்காமல் ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் செய்தார்கள். அந்த ஏழு பெயர்களுமே கிரேக்கப் பெயர்கள்; விடுபட்டவர்களின் தரப்பிலிருந்தே பொறுப்பாளர்கள் வந்தார்கள் என்று கருத இடமுண்டு. அதுபோலவே, அண்மையில் சபைக்கு வந்த குடும்பத்திலிருந்து ஒருவரையும், தனியாக வாழும் ஒருவரையும் குழுவில் சேர்த்துக்கொண்டால், வழக்கமானவர்களின் கண்ணுக்குப் படாதவை அவர்களுக்குப் படும். போதகரைப் பந்தி வேலைக்கு இழுக்க வேண்டியதில்லை.

நாளைக் குறிக்கும்போது ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமாகிய லெந்து காலத்தைத் தவிர்த்து, இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே ஆராதனை அறிவிப்பில் சொல்லிவிடுங்கள். வீட்டுக்கொரு உணவு கொண்டுவரும் முறையாயின், கொண்டுவருவது பங்கேற்பதற்கான நிபந்தனையன்று என்பதை அந்த அறிவிப்பிலேயே தெளிவாகக் கூற வேண்டும். செலவுக்குப் பணம் திரட்டுவதானால் மூடிய பெட்டியே போதும். கொடுத்தவர் பெயரையும் தொகையையும் வாசிக்கும் பழக்கம், கொடுக்க இயலாதவரை அடுத்த முறை வீட்டிலேயே இருத்திவிடும்.

சமைத்த உணவை அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. சூடாகப் பரிமாறுவன 60 டிகிரி செல்சியசுக்கு மேலும், குளிர்ந்தவை 5 டிகிரிக்குக் கீழும் இருக்க வேண்டும். ஆராதனைக்கு முன்பே பாத்திரங்கள் வந்து சேர்ந்துவிடுவதால் இது எளிதன்று. பிரசங்கம் நீளக்கூடும் என்பதையும் கணக்கில் கொள்வது அவமரியாதையாகாது. பால், முட்டை, நிலக்கடலை சேர்ந்தவற்றில் சீட்டு ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் தனிக் கரண்டி வையுங்கள்.

உண்மையான உழைப்பு இருக்கைகளில்தான் இருக்கிறது. இடங்களை அவரவர் போக்குக்கு விட்டால் உறவினர் உறவினரோடும் வாலிபர் வாலிபரோடும் அமர்ந்துகொள்வர். புதிதாக வந்தவர் தட்டோடு சுவரோரம் நிற்பார். ஒவ்வொரு மேசையிலும் ஓரிரு நாற்காலிகளைக் காலியாக விட்டு, அவற்றுக்கு ஆளை அழைத்துவரும் பொறுப்பை அந்த மேசையிலுள்ள ஒருவரிடம் முன்கூட்டியே ஒப்படையுங்கள். புதியவரை எழுந்து நின்று தம்மை அறிமுகப்படுத்தச் சொல்லாதீர்கள். திருமணம், சம்பளம், குழந்தை பற்றிய விசாரணையை முதல் சந்திப்பில் தவிர்க்கும்படி மேசைப் பொறுப்பாளரிடம் வெளிப்படையாகவே சொல்லிவைக்கலாம். முதியோருக்கும் சிறு குழந்தையோடு வந்தவர்களுக்கும் இருந்த இடத்திலேயே முதலில் பரிமாறி, மற்றவர்களை மேசை வாரியாக அழைத்தால் வரிசையில் முண்டியடிப்பு இராது. ஸ்தோத்திர ஜெபம் சுருக்கமாக இருக்கட்டும். உரைகள் வேண்டாம்.

பாத்திரம் கழுவுவதும் நாற்காலி அடுக்குவதும் ஒவ்வொரு முறையும் அதே சில பெண்களின் தோளில் விழுவதைத் தடுக்க, ஆண்களின் பெயர்களையும் சேர்த்துச் சுழற்சிப் பட்டியலொன்றை முன்கூட்டியே எழுதி ஒட்டுங்கள். நோயினாலோ முதுமையினாலோ வர இயலாதவர்களின் பங்கை மிச்சத்திலிருந்து எடுக்காமல், பந்தி தொடங்கும் முன்பே தனியாக எடுத்துவைத்து, அவர்களை அறிந்த ஒருவர் மூலம் சூடு ஆறுமுன் அனுப்பிவிட வேண்டும். கொண்டுசெல்பவர் வாசலில் கொடுத்துத் திரும்பாமல், அவர்களோடு சற்று நேரம் அமர்ந்துவிட்டு வருவதற்கு ஏற்றவாறு அவருக்கு வேறு வேலை ஒதுக்காதிருங்கள்.