பாபநாசம் 0 அடி: ஏசிங்க் நிரலில் பிழையை விழுங்கும் தவறுகள்

ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துவிட்டால் திருநெல்வேலிப் பக்கம் விடிந்ததும் கேட்கிற கேள்வி, “பாபநாசம் எத்தன அடி?” என்பதுதான். முழு அளவு பாபநாசத்துக்கு 143 அடி, சேர்வலாறுக்கு 156, மணிமுத்தாறுக்கு 118. இந்த மூன்று அணைகளின் நீர்மட்டத்தையும் மூன்று முகவரிகளிலிருந்து ஒரே நேரத்தில் எடுத்துக் காட்டும் சின்ன பைத்தான் நிரல் ஒன்றை வைத்துக்கொள்வோம். பல வேலைகளை ஒரே நேரத்தில் ஓடவிடும் பைத்தான் நூலகமான ஏசிங்க்ஐஓவில் (asyncio) எழுதினால் 20 வரிதான் வரும். பிழைக்குப் பயந்து பயந்து எழுதினால் 60 வரி ஆகும், கூடுதலான 40 வரிதான் பிழையை ஒளித்தும் வைக்கும்.

பெரிய தவறு, ஒவ்வொரு ஃபங்ஷனுக்குள்ளும் ட்ரை (try) போட்டு, பிழையைப் பிடிக்கும் எக்ஸெப்ட்டில் (except) 0 என்றோ, ‘எதுவுமில்லை’ எனப் பொருள்படும் நன் (None) என்றோ திருப்பி அனுப்புவது. சர்வர் பதில் தராத அன்று திரையில் ‘பாபநாசம் 0 அடி’ என்று வரும். அணை வற்றிவிட்டதா, நெட் போய்விட்டதா? அந்த ஃபங்ஷனை அழைத்த வரிகளுக்கு அதைத் தெரிந்துகொள்ள வழியே இல்லை. 2023 டிசம்பர் 17, 18-இல் தாமிரபரணி கரை தாண்டியதைப் பார்த்த ஊரில், தப்பான எண்ணைவிட ‘தகவல் இல்லை’ என்று காட்டுவது எவ்வளவோ மேல். ஆகவே தகவலை எடுக்கும் ஃபங்ஷனில் ட்ரையே வேண்டாம். பிழை தானாக மேலே, அழைத்த இடத்துக்கு ஏறட்டும். ‘தகவல் இல்லை’ என்று எழுத முடிவெடுக்கும் இடம் எதுவோ, அங்கே மட்டும் பிடித்தால் போதும்.

அடுத்தது, ட்ரைக்குள், ஒரு வேலையை டாஸ்க்காகத் தொடங்கும் கிரியேட்-டாஸ்க்கை (create_task) மட்டும் எழுதிவிட்டு நிம்மதியாக இருப்பது. அந்த வரி வேலையை வரிசையில் சேர்ப்பதோடு முடிந்துவிடும். பிழை பிறகு எப்போதோ நடக்கும், அதற்குள் நிரல் ட்ரையைத் தாண்டிப் போயிருக்கும். அது முடியும்வரை காத்திருந்து விடையை வாங்கும் அவெய்ட் (await) இருக்கும் இடத்தில்தான் பிழை கைக்கு வரும். யாருமே அவெய்ட் செய்யாவிட்டால், அந்த டாஸ்க் நினைவகத்திலிருந்து அகற்றப்படும் நேரத்தில் ‘பிழையை யாரும் எடுக்கவே இல்லை’ என்ற பொருளில் ஒரு வரி லாகில் விழும், அவ்வளவுதான். இன்னொன்றும் உண்டு: டாஸ்க்குகளை ஓட்டும் ஈவென்ட் லூப் (event loop) டாஸ்க்கைப் பலவீனமாகத்தான் பிடித்து வைத்திருக்கும். திரும்பி வரும் டாஸ்க்கை ஒரு மாறியிலோ செட்டிலோ வைக்காவிட்டால், வேலை பாதியிலேயே காணாமல் போகலாம்.

பல வேலைகளைச் சேர்த்து ஓட்டி விடைகளைப் பட்டியலாகத் தரும் கேதர் (gather) விஷயத்தில்தான் பலர் வழுக்குவார்கள். சும்மா கேதர் போட்டால், சேர்வலாறு தோற்றதும் அந்தப் பிழை உடனே மேலே வரும். மற்ற இரண்டும் நின்றுவிட்டதாக நினைக்க வேண்டாம், அவை பின்னால் ஓடிக்கொண்டுதான் இருக்கும், விடையைத்தான் யாரும் வாங்க மாட்டார்கள். ரிட்டர்ன்-எக்செப்ஷன்ஸை (return_exceptions) ட்ரூ என்று கொடுத்தால் மூன்று விடையும் வரும், ஆனால் பட்டியலில் எண்ணோடு எண்ணாகப் பிழைப் பொருளும் உட்கார்ந்திருக்கும். ஒவ்வொன்றும் பிழையா என்று ஐஸ்இன்ஸ்டன்ஸால் (isinstance) சோதிக்காமல் அச்சிட்டால், அடி வர வேண்டிய இடத்தில் பிழை வாசகம் வரும். மூன்றையும் கூட்டப் பார்த்தால், வகை பொருந்தவில்லை என்ற டைப்எரர் (TypeError) வெடிக்கும். அதுவும் சேர்வலாறு தோற்ற வரியில் இல்லை, கூட்டிய வரியில். தேடுகிறவர் தவறான கோப்பில் உட்கார்ந்திருப்பார்.

பைத்தான் 3.11-இல் வந்த டாஸ்க்குரூப் (TaskGroup) இதைவிட ஒழுங்கானது. ஒன்று தோற்றால் மற்றவற்றை ரத்து செய்து, எல்லாம் முடிந்தபின் பிழைகளை ஒரு குழுவாகத் தரும். அதை நட்சத்திரம் போட்ட எக்ஸெப்ட்டால் (except*) பிடிக்க வேண்டும். ஆனால் நம் அணைக் கணக்குக்கு அது பொருந்தாது. சேர்வலாறு கிடைக்கவில்லை என்பதற்காக மணிமுத்தாறையும் ஏன் கைவிட வேண்டும்? மூன்றும் இருந்தால்தான் வேலை நடக்கும் என்றால் டாஸ்க்குரூப், கிடைத்தது போதும் என்றால் சோதனையோடு கேதர்.

ரத்தாவதும் பிழையாகவே வரும் என்பதை மறந்துவிடுகிறார்கள். பைத்தான் 3.8 முதல், ரத்தைக் குறிக்கும் கேன்சல்டுஎரர் (CancelledError) சாதாரண எக்செப்ஷன் (Exception) வகையில் இல்லை, பேஸ்எக்செப்ஷனின் (BaseException) கீழே நேராகப் போய்விட்டது. ஆகவே ‘எக்ஸெப்ட் எக்செப்ஷன்’ அதைத் தொடாது. பெயர் எதுவும் போடாத வெறும் எக்ஸெப்ட்டோ விழுங்கிவிடும். ஏசிங்க்ஐஓவின் டைம்அவுட்டும் ரத்து வழியாகத்தான் வேலை செய்கிறது, எனவே 5 விநாடி என்று வைத்த எல்லையும் அதோடு செத்துப்போகும். இணைப்பை மூட வேண்டுமென்றால், பிழை வந்தாலும் வராவிட்டாலும் ஓடும் ஃபைனலியில் (finally) மூடுங்கள். பிடித்தே ஆக வேண்டுமென்றால், பிழையை மறுபடி மேலே அனுப்பும் ரெய்ஸ் (raise) கடைசி வரியில் இருக்கட்டும்.

லாகில் ‘பிழை:’ என்று மட்டும் வந்து அதற்குப் பின் ஒன்றுமே இல்லையா? பெரும்பாலும் அது நேரம் கடந்ததைச் சொல்லும் டைம்அவுட்எரர் (TimeoutError). அதைச் சரமாக மாற்றினால் வெறுமைதான் மிஞ்சும். பிழையின் வகைப் பெயரையும் காட்டும் ரெப்ர் (repr) கொண்டு எழுதுங்கள், அல்லது லாகரின் எக்செப்ஷன் (logger.exception) வழியைப் பயன்படுத்துங்கள், பிழை வந்த வழியின் தடமும் சேர்ந்து வரும். அதையும் ஒரே இடத்தில் செய்யுங்கள். நான்கு அடுக்கிலும் எழுதினால் ஒரு பிழை நான்காகத் தெரியும்.

மறுமுயற்சிக்கும் இதே கணக்கு. கீழ் அடுக்கில் 3 தடவை, மேல் அடுக்கில் 3 தடவை என்றால், ஏற்கெனவே திணறும் சர்வருக்கு 9 கோரிக்கை போகும். ஒரே அடுக்கில் 1, 2, 4 விநாடி என்று இடைவெளியைக் கூட்டி, அதில் கொஞ்சம் தற்செயல் நேரத்தையும் கலந்து முயலுங்கள். ‘அந்தப் பக்கம் இல்லை’ என்று சொல்லும் 404 வந்தால் மறுபடி தட்ட வேண்டாம், அந்த முகவரியையே திருத்துங்கள்.