ஸ்டாட் ப்ரோவில் ஒரு பீமுக்குச் சரியான சப்போர்ட் கொடுப்பது எப்படி?

கட்டமைப்புப் பகுப்பாய்வில் எல்லை நிபந்தனை என்பது, ஒரு உறுப்பு தாங்கப்படும் இடத்தில் அதன் எந்தெந்த அசைவுகள் தடுக்கப்படுகின்றன என்று நாம் ஸ்டாட் ப்ரோ போன்ற பகுப்பாய்வு மென்பொருளுக்குச் சொல்லும் விவரம்; சப்போர்ட் கொடுப்பது என்பது இதைத்தான். அதைத் தவறாகச் சொன்னாலும் பெரும்பாலும் விடை வந்துவிடும் என்பதால், கையால் சரிபார்க்கக்கூடிய ஓர் எளிய பீமில் தொடங்குவோம். இரண்டு செங்கல் சுவர்கள் மேல் அமரும் 6 மீட்டர் எஃகு பீம். தன் எடையும் சேர்த்து மீட்டருக்கு 20 கிலோநியூட்டன் சீரான சுமை.

படி 1: மென்பொருளைத் திறக்கும் முன், முனைகளில் உண்மையில் என்ன நடக்கும் என்று தாளில் எழுதுங்கள். ஒவ்வொரு முனைக்கும் மூன்று நகர்வுகள், மூன்று சுழற்சிகள் என ஆறு அசைவுகள் உண்டு. சுவர் பீமைக் கீழே இறங்கவிடாது. ஆனால் சும்மா அமர்ந்திருக்கும் பீமின் முனை சுமையில் சற்றே திரும்புவதை அது தடுக்காது. எனவே ஆறு அசைவுகளையும் தடுக்கும் 'ஃபிக்ஸட்' இங்கே பொருந்தாது.

படி 2: பீமை எக்ஸ் அச்சில் வரையுங்கள். ஸ்டாடில் இயல்பாக ஒய் அச்சே மேல்நோக்கியது.

படி 3: சப்போர்ட் பகுதியில் 'ஃபிக்ஸட் பட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான்: நீங்கள் டிக் செய்பவை தடுக்கப்படுபவை அல்ல, விடுவிக்கப்படுபவை. பட்டியலில் எஃப் என்பது ஓர் அச்சின் திசையிலான நகர்வையும், எம் என்பது அந்த அச்சைச் சுற்றிய சுழற்சியையும் குறிக்கும். இடது முனையில் எம்ஒய், எம்இசட் இரண்டை மட்டும் விடுவியுங்கள். எம்எக்ஸைப் பிடித்து வைப்பதற்குக் காரணம், இரு முனைகளும் நகர்வுகளை மட்டும் தடுக்கும் வெறும் 'பின்ட்' ஆக இருந்தால் முப்பரிமாண மாதிரியில் பீம் தன் அச்சைச் சுற்றித் தடையின்றி உருளும் என்பதே. வலது முனையில் எஃப்எக்ஸ், எம்எக்ஸ், எம்ஒய், எம்இசட் நான்கையும் விடுவியுங்கள். செங்குத்துச் சுமை மட்டும் இருக்கும் சாதாரண நேரியல் பகுப்பாய்வில் எஃப்எக்ஸால் வேறுபாடு தெரியாது. ஆனால் வெப்பநிலைச் சுமை சேர்ந்தால் தெரியும். இரு முனைகளையும் நீளவாக்கில் பூட்டிய எஃகு பீமில் 30 டிகிரி செல்சியஸ் உயர்வு மட்டுமே சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 72 நியூட்டன் தகைவை உண்டாக்கும். செங்கல் சுவருக்கு அப்படிப் பிடித்து நிறுத்தும் வலிமை ஏது?

படி 4: சுமையைக் கொடுத்து இயக்குங்கள். 'இன்ஸ்டபிலிட்டி' (நிலையின்மை) எச்சரிக்கை வந்தால் கடந்து போகாதீர்கள்; மென்பொருள் ஒரு மெல்லிய ஸ்பிரிங்கைத் தானாகச் சேர்த்துக்கொண்டு விடை தந்திருக்கலாம்.

படி 5: கைக்கணக்கோடு ஒப்பிடுங்கள். முனைக்கு 60 கிலோநியூட்டன் எதிர்வினை. சுமையை நீளத்தின் வர்க்கத்தால் பெருக்கி 8-ஆல் வகுத்தால், நடுவில் 90 கிலோநியூட்டன் மீட்டர் மொமென்ட் (பீமை வளைக்கும் விளைவு). இரு முனைகளையும் தவறுதலாக 'ஃபிக்ஸட்' ஆக்கியிருந்தால் நடுவில் 30, முனைகளில் 60 என்று காட்டும். தொய்வும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கும். அப்போதும் எதிர்வினைகளின் கூட்டல் 120-தான், ஆகவே அதை மட்டும் பார்த்துத் திருப்தி அடைந்தால் இந்தப் பிழை பிடிபடாது. மொமென்ட் வரைபடத்தையும் வளைந்த வடிவத்தையும் கட்டாயம் பாருங்கள்.

பீம் சுவருக்குப் பதிலாக இன்னொரு பீமில் போல்ட் செய்யப்பட்டிருந்தால், அந்த முனையில் சப்போர்ட்டே கொடுக்கக் கூடாது. கொடுத்தால் தாங்கும் பீம் அங்கே தொய்யாததாகக் கணக்காகிவிடும். இரண்டையும் ஒரே புள்ளியில் இணைத்து, தாங்கப்படும் பீமின் அந்த நுனியில் மொமென்ட்டை 'மெம்பர் ரிலீஸ்' மூலம் விடுவிப்பதே முறை.